கப்பல் அண்ணன் கொன்ற நீலவேணி

போடிநாயக்கனூரில் கடலை முழுசாகப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் கப்பல் அண்ணன்தான். அவர் ஏறாத கப்பல் கிடையாது, இறங்காத தீவு கிடையாது. ஏலக்காய்க் கொட்டகையில் தராசு பிடிக்கிற மனிதர் எப்போது இத்தனை கடல் தாண்டினார் என்று எங்கள் பதினொரு பெண்களில் ஒருத்தியும் கேட்டதில்லை. கேட்டால் கதை நின்றுவிடுமே.

எங்களுக்கு வேலை, காம்பு கிள்ளித் தரம் பிரிப்பது. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனால் காயைத் தொட்டுப் பார்த்தே எந்தச் சரிவில் காய்த்தது என்று சொல்லிவிடுவேன். அந்த நாளில் அதற்கு என்னை விட்டால் போடியில் ஆள் இல்லை.

மதியம் கஞ்சி குடித்ததும் அண்ணன் வாரப் பத்திரிகையைப் பிரித்து எங்களுக்கு வாசிப்பார். தொடர்கதை. கொள்ளைக்காரர்கள் கப்பலில் தூக்கிப்போன நீலவேணி, தீவு தீவாகத் தப்பி ஓடிக்கொண்டிருந்தாள். சிக்கல் என்னவென்றால், அண்ணன் கதையோடு நிறுத்த மாட்டார். ஒரு தீவு வந்தால் போதும், பத்திரிகைக்குள் விரலை வைத்து மூடிவிடுவார்.

"இந்தத் தீவுல நான் மூணு நாள் கெடந்தேன் தாயி. நண்டு ஒவ்வொண்ணும் நம்ம தராசுப் படிக்கல்லு கனம்!"

மறுபடி விரித்தால் நீலவேணி நண்டு தின்றுகொண்டிருப்பாள். அந்த நண்டைக் கதை எழுதினவர் கொடுத்தாரா, இவர் கொடுத்தாரா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"அண்ணே, அவ ஒங்களப் பாத்தாளா?"

"பாக்காம? அண்ணேன்னுதான் கூப்புட்டா."

ஒரு ஐப்பசியில் அடைமழை. மதுரை பஸ்சு வரவில்லை, பத்திரிகையும் வரவில்லை. போன வாரம் நீலவேணி பாறை விளிம்பில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்தாள். எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. "நீங்கதான் அந்தத் தீவுக்குப் போயிருக்கீகளே, என்ன ஆச்சுன்னு சொல்லுங்கண்ணே" என்று பிய்த்து எடுத்தோம். அவர் தராசுத் தட்டிலிருந்த கல்லை எடுத்துக் கீழே வைத்தார்.

"விழுந்துட்டா தாயி. செத்துப்போனா."

கொட்டகையே அழுதது. எங்களில் மூத்தவள் பொன்னாத்தாள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

"அண்ணேன்னு கூப்புட்ட புள்ள. அண்ணே வீட்டு எழவு நமக்கும் எழவுதான். தல முழுகாம தொட்டா தீட்டு. இந்தக் காயி கோயில் பாயசத்துக்கில்ல போகுது?"

பதினொரு பேரும் வாய்க்காலில் போய் முங்கினோம். அண்ணனும் தள்ளி நின்று முங்கினார். ஈரச்சேலையோடு திரும்பினால் வாசலில் முதலாளி.

"எங்க போய்த் தொலஞ்சீக? சாயங்காலம் லோடு ஏத்தணும்!"

"எழவு மொதலாளி."

"யாரு?"

"நீலவேணி."

"எந்தத் தெரு?"

பொன்னாத்தாள் கொஞ்சம் யோசித்தாள். "தெருவில்ல மொதலாளி, தீவு."

அன்றைக்கு லோடு போகவில்லை. மறுநாள் பஸ்சு வந்தது, பத்திரிகையும் வந்தது. நீலவேணியின் தலைமுடி ஒரு மரக்கிளையில் சிக்கி, அவள் உயிரோடு இருந்தாள்! எங்களுக்குச் சந்தோஷப்படுவதா, சண்டைக்குப் போவதா என்று தெரியவில்லை.

"உசுரோட இருக்கவளுக்கு ஒப்பாரி வச்சுட்டமே! இதுக்கு என்னய்யா பரிகாரம்?" என்று பொன்னாத்தாள் தும்மிக்கொண்டே திட்டினாள்.

முதலாளி தும்மவில்லை. "நீ கடலப் பாத்ததும் பொய்யி, கப்பலும் பொய்யி. பொய் சொல்றவன் கையில என் தராசா? நாளைக்கு ஜீப்புல மலையேறி போடிமெட்டுக்குப் போயி எஸ்டேட்டுச் சரக்கக் கொண்டா. தேசம் சுத்துனவனுக்கு இதென்ன பெரிய சோலி? இல்லேன்னா நடையக் கட்டு." பிறகு என் பக்கம் திரும்பினார். "காயப் பாக்க நீயும் போத்தா. இவன் நெசமான ஆளான்னு வந்து சொல்லு. நீ சொன்னா நம்புறேன்."

மூன்றாவது வளைவிலேயே அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஜீப்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். டிரைவர் சிரித்தான். "என்னண்ணே, கப்பலு ஆடுதோ?" ஆளு மாட்டிக்கிட்டார், போடியைத் தாண்டியே இருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

பாதி மலையில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற வண்டி நின்றது. அண்ணன் இறங்கி, பள்ளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"நெசத்தச் சொல்லுங்கண்ணே. கப்பல் ஏறியிருக்கீகளா?"

"ரங்கூனுக்குப் போகும்போது கப்பல்தான் தாயி. வரும்போது ஒலகச் சண்ட. குண்டு போட்டான். கப்பலு இல்ல, நடந்து வந்தோம். மாசக் கணக்கா இதே மாதிரி மலை. நானும் என் தங்கச்சியும்."

"தங்கச்சி எங்க?"

"வெளிம்புல இருந்து விழுந்தவுகள மரம் புடிக்காது தாயி. கதையிலதான் புடிக்கும்."

தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி ஏறினார். போடிமெட்டில் சரக்கை ஏற்றினோம். ஏற்றி முடித்த கையோடு, "ஒரு தடவ அந்தமான் பக்கம் ஒரு திமிங்கலம் எங்க கப்பல மோந்து பாத்துச்சு" என்று டிரைவரிடம் ஆரம்பித்துவிட்டார்! நான் குழம்பிப்போனேன். திமிங்கலம் பொய்யென்றால் தங்கச்சி? தங்கச்சி நிஜமென்றால் திமிங்கலம்? இறங்கும்போதும் கண்ணை மூடியபடிதான் வந்தார். ஆனாலும் ஒரு மூட்டை குறையாமல் கொண்டுவந்து சேர்த்தார்.

முதலாளி வாசலிலேயே கேட்டார். "என்னத்தா, நெசமான ஆளா?"

உள்ளே பத்துப் பேர் கையும் காம்பு கிள்ளாமல் நின்றது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்த கதையைச் சொன்னால் எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அப்புறம் அந்த மனிதர் எந்தத் தீவில் போய் இறங்குவார்?

"கப்பல்லதான் போனாரு, கப்பல்லதான் வந்தாரு மொதலாளி. வளைவுல எனக்கே கொமட்டுச்சு. இவரு ஒருத்தருதான் அசையாம ஒக்காந்திருந்தாரு."

பொய்யே சொல்லாதவள் என்று பேர் எடுத்தவள் நான். முதலாளி தராசை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அதுவரை எங்கள் எல்லோருக்கும் அவர் வாயில் 'தாயி'தான். மறுநாளிலிருந்து கஞ்சி குடித்ததும், "எங்க, என் தங்கச்சி வந்துட்டாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் பத்திரிகையைப் பிரித்தார். அது கதையா, நிஜமா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. "வந்துட்டேண்ணே, படிங்க" என்பேன்.