மேலாளர் பார்க்க வரும் டாஃபடில்

"பூந்தொட்டிக்கு யாராவது ஐஸ் வைப்பாங்களா?" மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

கணக்கர் காதில் வாங்கவில்லை. அடுத்த வாரம் மேலாளர் மனைவியோடு வருகிறார். "எங்க வீட்டு டாஃபடில் எப்பவும் பூத்துக் குலுங்குது" என்று அந்த மனிதர் அலுவலகத்தில் அளக்காத நாள் கிடையாது. அந்த நேரம் பார்த்துக் கிளைத் தலைவர் பதவி காலியானது. கணக்கரின் நாக்கு சும்மா இருக்குமா?

"எங்க வீட்டுலயும் பூத்திருக்கு சார்" என்று ஒரு போடு போட்டார்.

"அப்படியா? வந்து பாத்துடறேன்" என்றார் மேலாளர்.

பூத்தது பச்சைப் பொய். வெங்காயம் மாதிரி நாலு கிழங்கு தொட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது மட்டும் நிஜம்.

அது குளிர் தேசத்துப் பூ. மண்ணுக்கடியில் மாதக்கணக்கில் குளிரில் கிடந்தால்தான் வசந்தத்தில் தலைகாட்டும். இவர் வீட்டு மாடியிலோ முட்டை பொரிக்கலாம்.

முதலில் தொட்டியைத் தூக்கி ஃபிரிட்ஜுக்குள் திணித்தார். வெளியே வந்த பால் திரிந்தது, காய்கறி வாடியது, பூ மட்டும் வரவில்லை. குளிர் போதவில்லை என்று முடிவு கட்டி, தொட்டி நிறைய ஐஸ் கொட்டினார். பெரிய விஞ்ஞானி! ஐஸ் உருகிக் கிழங்குகள் ஊறி அழுகின.

"ஏதாவது முளைச்சுதா பாரு."

"நாத்தம்தான் முளைச்சிருக்கு" என்றாள் மனைவி.

கடைசியில் கடைக்கு ஓடி, பிளாஸ்டிக் டாஃபடில் வாங்கி வந்து மண்ணில் குத்தினார். நாற்றத்துக்கு மனைவியின் சென்ட்டைத் தாராளமாக அடித்தார். பதவி ஆசை வந்தால் மானம் மூட்டை கட்டிக்கொள்ளும் போலிருக்கிறது.

மேலாளர் வந்தார். தொட்டியருகே குனிந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்தார்.

"ஆஹா! எங்க வீட்டுப் பூவோட அதே வாசனை! இந்தப் பூவை வளர்க்க எவ்வளவு பொறுமை வேணும்னு எனக்குத் தெரியும்யா. கிளைத் தலைவர் நீங்கதான்!"

கணக்கர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

மேலாளர் கை கழுவ உள்ளே போனதும், அவர் மனைவி மெல்ல அருகே வந்தார்.

"சென்ட் கொஞ்சம் தூக்கலா இருக்குங்க. எங்க வீட்டுப் பூவுக்கு நான் ரெண்டு சொட்டுதான் விடுவேன். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பாவம், நாலு வருஷமா தினமும் தண்ணி ஊத்திட்டிருக்காரு."