மோட்டருக்குத் தண்ணீர் காட்டிய மாப்பிள்ளை

மாமியார் வீட்டில் புது மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதை பொரித்த மீன் மாதிரி. சூடு ஆறுமுன் பேசாமல் சாப்பிட்டுவிட வேண்டும். நானோ அதோடு என் மூளையையும் காட்டப் பார்த்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதில் கல்யாணம் முடித்து, எங்கள் பக்க வழக்கப்படி பெண் வீட்டிலேயே குடியேறியிருந்தேன். மாமாவுக்கு ஓர் அரிசி மில் இருந்தது. பழைய எண்ணெய் என்ஜினைக் கழற்றிவிட்டுப் புது மின்மோட்டர் பூட்டியிருந்தார். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

என் மனைவி சுலைஹாவின் தங்கைக்குக் கல்யாணம். அதற்கு முதல் நாள், விருந்துக்கான நெல் முழுவதும் மில்லில் குவிந்திருந்தது. மாமாவுக்கு மாப்பிள்ளை வீட்டாரோடு பேச மருதமுனைக்குப் போகவேண்டியிருந்தது.

"மருமகன், மோட்டர் சூடேறினா நிப்பாட்டி ஆற விடுங்க. வேற ஒண்டும் செய்யத் தேவல்ல" என்றார்.

(புது மாப்பிள்ளையிடம் இப்படிச் சொல்லலாமா?)

மோட்டர் சூடேறியது. நிறுத்தினேன். ஆறியதும் ஓட்டினேன். மறுபடியும் கொதித்தது. பழைய என்ஜினின் சூட்டைப் பீப்பாய்த் தண்ணீர்தானே தணித்தது? அந்த வைத்தியம் இதற்கு ஆகாதா என்ன? மூலையில் கிடந்த செப்புக் குழாயை மோட்டரின் உடம்பைச் சுற்றி வளைத்து, ரப்பர் குழாயால் பீப்பாயோடு இணைத்தேன்.

நம்பமாட்டீர்கள், வேலை செய்தது! தொட்டுப் பார்த்தேன், சூடு நன்றாகத் தணிந்திருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். பார்க்க ஆளில்லாத கெட்டித்தனம் என்ன கெட்டித்தனம் என்று சுலைஹாவின் அண்ணன் ஹனீபாவைக் கூப்பிட்டேன்.

"தண்ணி உள்ளுக்குப் போகாதா மச்சான்?" என்றார்.

"சும்மா இரிங்க மச்சான். இன்னும் குளிராக்கிக் காட்டுறன்."

பீப்பாயின் குழாய்த் திருகை முழுதாகத் திறந்தேன். ரப்பர் கழன்று, தண்ணீர் நேராக மோட்டரின் காற்றுத் துவாரங்களுக்குள் பாய்ந்தது. நீலப் பொறி பறந்தது, 'டமார்' என்றது. ஹனீபா பாய்ந்து சுவிட்சை அணைத்தார். கருகிய நாற்றம் மில்லை நிறைத்தது.

திரும்பி வந்த மாமா, நனைந்து நின்ற மோட்டரையும் அதைவிட நனைந்து நின்ற என்னையும் பார்த்தார்.

"சூடு ஆறிட்டா மருமகன்?"

வேறொன்றும் கேட்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பக்கத்து மில்லில் அறுவடை நெல் கூரை முட்டக் கிடந்ததால், எங்கள் நெல்லைக் குற்ற முடியாதென்றார்கள். வேறு வழியின்றி நானும் ஹனீபாவும் சாக்கோடு வீடு வீடாக அரிசி கைமாற்றுக் கேட்டுப் போனோம். சிவப்பு, வெள்ளை, பச்சை, புழுங்கல் எல்லாம் ஒரே சாக்கில் விழுந்தன. மறுநாள் எல்லாம் ஒரே கிடாரத்தில் வெந்தன, வேகாமலும் கிடந்தன.

பந்தலில் மாப்பிள்ளையின் வாப்பா ஒரு பிடி அள்ளி வாயில் வைத்தார். மென்றார். நிறுத்தினார்.

"இதென்ன சோறு? ஒரு வாய் கஞ்சி, மறு வாய் கல்லு!"

சுலைஹாவின் தங்கை வாழ்க்கையை நான்தான் கெடுத்தேன் என்று பந்தல்காலுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மாமா நிதானமாக என்னைக் காட்டி, மோட்டர் கதையை முழுதாகச் சொன்னார். சம்பந்தி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார், புரையேறும் வரைக்கும்.

"இப்பிடி ஒரு மருமகன வெச்சிக்கிட்டு, ஒரு கூடாத சொல்லும் சொல்லாத ஊடா இது? எங்கட மகன நம்பி உடலாம்!"

மாமா அதன்பின் என்னை வயலுக்கு அனுப்பிவிட்டார். அங்கே தண்ணீர் பாய்ச்சினால் யாரும் குற்றம் சொல்வதில்லை.

ஆனால் இன்றைக்கும் எனக்குக் காய்ச்சல் வந்தால், சுலைஹா நெற்றியில் ஈரத்துணியைப் போடுமுன் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்வாள்:

"வாப்பாட காதப் பொத்துங்க புள்ள. தண்ணி உள்ளுக்குப் போனா வெடிச்சிரும்!"