சாமி மேடையில் ஒரு வெப்பமானி

வெயிலை நேருக்கு நேர் முறைத்துப் பார்த்து, அதைத் தலைகுனிய வைத்த ஒரே ஆள் மலேசியாவில் இந்தப் பேராக் மாநிலத்திலேயே எங்கள் வெயிலக்காதான். மறுப்பவர்கள் யாராக இருந்தாலும் சரி, மத்தியானம் இரண்டு மணிக்கு பத்து காஜா ஊர்ப் பக்கம் எங்கள் தாமான் குடியிருப்புக்கு வரட்டும். நின்று பேசிக்கொள்ளலாம். நிழல் மட்டும் கேட்கக் கூடாது.

அக்காவின் உண்மைப் பெயர் அவர் கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. சித்தியவான் ஊர்க்காரர், ஒரு பல்கலைக்கழகத்தில் பருவநிலை ஆராய்ச்சி செய்பவர். ஒரு வருடம் மழை கொட்டுகிறது, அடுத்த வருடம் வானம் காய்கிறது. இந்த ஏற்ற இறக்கம் சாதாரணச் சனங்களின் சாப்பாட்டையும் வேலையையும் தூக்கத்தையும் என்ன செய்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில்.

எங்கள் தாமானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் தோட்டத்தை விற்றபோது அங்கிருந்த குடும்பங்களுக்கு ஒரு கம்பெனி வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தது. தகரக் கூரை, உள்ளே சீலிங் கிடையாது. தெருவில் நிழல் தருவது விளக்குக் கம்பம் ஒன்றுதான், அதற்கும் ஆள் ஒல்லியாக இருக்க வேண்டும். நான் அங்கே குடியிருப்போர் சங்கச் செயலாளர். "யாரு செயலாளரா இருக்கீங்க?" என்று கேட்டபோது எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவன்தான் கையைத் தூக்கி மூக்கைச் சொறிந்தேன்.

அந்தப் பதவியின் பலனாக, முதல் நாள் அக்கா தட்டியது என் வீட்டுக் கதவைத்தான். மணி இரண்டு.

"அண்ணே, ஃபேன ஆஃப் பண்ணுங்க."

"நீங்க யாருக்கா?"

"மொதல்ல ஆஃப் பண்ணுங்கலா, அப்பறம் சொல்றேன். ஃபேன் ஓடுனா ஆராய்ச்சி கெட்டுரும்."

நிறுத்தினேன். என் வீட்டில் என்னை அப்படி உட்கார வைத்துவிட்டு, பால் விடாமல் சூடாக ஒரு தே ஓ தேநீர் வேறு கேட்டு வாங்கிக் குடித்தார். அவர் என்னை அண்ணே என்றும் நான் அவரை அக்கா என்றும் அழைத்ததில், எங்களில் யார் மூத்தவர் என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

எங்கே போனாலும் கையில் வெப்பமானி. கல்யாண வீட்டில் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் மண்டபத்தின் சூட்டைப் பார்ப்பார். "மாப்பிள்ளைக்கு வேர்க்கிறது பயத்துல இல்ல, கூரையால" என்று பெண் வீட்டாரிடம் சான்றிதழ் கொடுப்பார். தெருக்கோடியில் ஒரு பெரியவர் இறந்தபோது குளிர்சாதனக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அக்கா மாலையைப் போட்டார், கும்பிட்டார், பழக்கதோஷத்தில் பெட்டியருகே வெப்பமானியையும் நீட்டினார். பிறகு அந்த வீட்டம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தெருவுலயே அண்ணன் ஒருத்தருதாங்க்கா சௌகரியமா இருக்காரு" என்றார். மகன்கள் எழுந்துவிட்டார்கள். நல்லவேளை, அழுதுகொண்டிருந்த அந்தம்மாவே சிரித்துவிட்டார். "மனுசன் அதுக்குத்தான் ஆசப்பட்டாரு, உக்காருங்கடா" என்று மகன்களை அடக்கினார்.

இவ்வளவு வேடிக்கைக்கும் நடுவில் அக்காவுக்கு ஒரு கவலை இருந்தது. அந்தக் கவலையின் பெயர் சரோக்கா.

சரோக்கா கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். விடிந்து வீட்டுக்கு வந்து பகலில்தான் தூங்க வேண்டும். மழை மாதங்களில் எப்படியோ சமாளித்துவிடுவார். வானம் காய்ந்துவிட்டால் அந்தத் தகரத்துக்குக் கீழே கண்ணை மூட முடியாது. தொழிற்சாலையில் நின்றபடியே தூங்கி விழுந்து இரண்டு முறை எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தார். மூன்றாவது முறை விழுந்தால் வேலை போய்விடும். கூரைக்குக் கீழே சீலிங் போட்டுக் கொடுங்கள் என்று சங்கத்தின் சார்பில் நான் வீடு கட்டிய கம்பெனிக்குப் பல முறை எழுதினேன். 'ஆதாரம் இல்லை' என்று ஒரே பதிலைத் தேதி மட்டும் மாற்றி அனுப்பினார்கள்.

"ஆதாரம்தானே? குடுத்துருவோம்" என்றார் அக்கா.

வீட்டுக்கு ஒன்றாகத் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி கொடுத்தார். ஒரு வருடத்துக்கு இரவு பகலாக வீட்டுச் சூட்டைப் பதிவு செய்துகொண்டே இருக்குமாம். "ரொம்ப வெல ஒசந்த சாமான், பத்தரமா வைங்க" என்று சொன்னதுதான் அவர் செய்த தவறு. எங்கள் ஆட்கள் பத்திரமாக வைத்தார்கள். ஒருவர் அலமாரியில் பட்டுப்புடவைக்கு நடுவில் வைத்தார். இன்னொருவர், சூடு பட்டால் சாமான் கெட்டுவிடுமே என்று ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். அவர் வீடு மட்டும் பதிவில் ஐரோப்பாவில் இருந்தது.

மற்ற வீடுகளை அக்கா சரிசெய்துவிட்டார். சரோக்கா வீட்டுக் கணக்கு மட்டும் பிடிபடவில்லை. மற்ற நாட்களில் சாயங்காலம் இறங்கிவிடும் வரைபடக் கோடு, வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு மட்டும் நிமிர்ந்து எழுந்தது. அக்கா வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் திடலில் நின்று வானத்தைப் பார்த்தார். காற்றின் திசையை எழுதினார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"அண்ணே, வெள்ளிக்கெழம சாயங்காலம் இந்தப் பக்கம் யாராச்சும் எதையாச்சும் எரிக்கிறாங்களா?"

"இல்லையேக்கா" என்றேன், நெற்றி நிறைய விபூதியோடு.

அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் சரோக்கா வீட்டுக்கே போனோம். அவர் படுக்கும் அதே ஹாலில், சாமி மேடையில், முருகனுக்குப் பக்கத்தில் அந்தக் கருவி உட்கார்ந்திருந்தது. சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. முன்னால் சூடம் எரிந்துகொண்டிருந்தது.

"ஏங்க்கா, இதுக்குமா ஆராத்தி காட்டுனீங்க?" என்றார் அக்கா.

"வெல ஒசந்த சாமான்னு நீங்கதான சொன்னீங்க. வேற எங்க வைப்பேன்? சாமிக்குப் பக்கத்துல இருக்குறத விட்டுட்டு சாமிக்கு மட்டும் காட்டுனா நல்லாவா இருக்கும்?"

அக்கா தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நான் ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போற ஆளு. வெள்ளிக்கெழம சமாச்சாரம் எனக்குத் தோணவே இல்ல" என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அங்கேயே இருக்கட்டும். ஆனா சூடம் ஏத்துற நேரத்த ஒவ்வொரு தடவையும் எழுதி வைங்க" என்றார். சரோக்கா சாமி நாள்காட்டியிலேயே எழுத ஆரம்பித்தார்.

அறிக்கை தயாரானபோது அக்காவின் மேலிடத்திலிருந்து போன் வந்தது. சூடம் பட்ட வீட்டை எடுத்துவிடு, வீண் வம்பு என்றார்கள். அக்கா என் வீட்டு வாசலில் நின்றுதான் பேசினார்.

"எடுக்க மாட்டேன் சார். நடந்தத நடந்தபடி போடுவேன். இந்த அறிக்கையே அந்த அக்காவுக்காகத்தான். அவங்களையே எடுத்துட்டா அப்பறம் யாருக்கு? என்னைய வேணும்னா எடுத்துருங்க." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வேல போனா உங்க சங்கத்துல எதாச்சும் இருக்கா?"

"செயலாளர் வேல இருக்குக்கா. இப்பவே எடுத்துக்கலாம்" என்றேன்.

கம்பெனியோடு கூட்டம் எங்கள் பாலாய் ராயா பொது மண்டபத்தில் நடந்தது. நேரத்தைக் குறித்தவர் அக்கா, ஆகவே அது மத்தியானம். கம்பெனி அதிகாரி கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார், நம்மவர்தான். அறிக்கையைப் புரட்டிவிட்டு, "வருச சராசரி எல்லாம் நார்மலாத்தான் இருக்கு" என்றார்.

"சராசரிக்குள்ள யாரு சார் பாய் விரிச்சுப் படுக்குறா?" என்றார் அக்கா. "மழ மாசத்தையும் காஞ்ச மாசத்தையும் கூட்டி வகுத்தா எல்லாம் நல்லாத்தான் தெரியும். சரோக்கா காஞ்ச மாசத்துலயும் தூங்கியாகணும். அந்த மாசத்துலதான் வேல போவும்."

அதிகாரி பக்கத்தைத் திருப்பினார். வெள்ளிக்கிழமைக் கோட்டைப் பிடித்துக்கொண்டார். "இது என்னா? நீங்களே எழுதியிருக்கீங்க, சூடம்னு. வீட்டுக்குள்ள நெருப்பக் கொளுத்திட்டு வீடு சுடுதுன்னு எங்க மேல பழி போடுறீங்களா?"

சரோக்காவின் முகம் சுருங்கிவிட்டது. தன் பக்தியால் எல்லாம் பாழாகிவிட்டதே என்று அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

அக்கா நிதானமாக எழுந்தார். "சரோக்கா, அந்த நாள்காட்டியக் குடுங்க." அதை வாங்கி மேசையில் விரித்தார்.

"வெள்ளிக்கெழம ஏழு மணிக்கு சூடம் ஏத்துனது இந்த அக்கா. ஒத்துக்குறோம், கையால எழுதியே வச்சிருக்காங்க. சூடம் ஏத்துன நேரத்துல கோடு எம்புட்டு ஒசரம் இருக்கு, பாத்துக்கிட்டீங்களா? இப்ப இந்தக் காஞ்ச மாசத்து மத்தியானத்தப் பாருங்க. அத விட ஒசரமா நிக்கிது. திங்கக்கெழமையும் நிக்கிது, செவ்வாக்கெழமையும் நிக்கிது. சொல்லுங்க சார், தெனமும் மத்தியானம் ரெண்டு மணிக்கு இந்த வீட்டுக்குள்ள சூடம் ஏத்துறது யாரு?"

பின்வரிசையிலிருந்து யாரோ, "நாங்க இல்லலா!" என்று கத்தினார்கள். அவ்வளவுதான், கூரை அதிரக் கைத்தட்டல். அதுவும் தகரக் கூரைதான்.

"மேலிடத்துல பரிசீலன பண்றோம்" என்றார் அதிகாரி.

"எதுக்கு மேலிடம்? மணி ரெண்டு ஆவப் போவுது. வாங்க, சரோக்கா வீட்டு ஹால்ல உக்காந்து பரிசீலன பண்ணுவோம். ஃபேன் மட்டும் போட மாட்டோம், ஆராய்ச்சி கெட்டுரும்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே தெருவைப் பார்த்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நான் முதல் நாளே தட்டச்சு செய்து வைத்திருந்த ஒப்புதல் கடிதத்தில், எங்கள் வரிசை முழுவதற்கும் சீலிங் போட்டுத் தருவதாகக் கையெழுத்திட்டார். அந்த வீட்டுக்குள் போகாமலேயே அதன் சூட்டை அவர் முழுமையாக நம்பிவிட்டார்.

சீலிங் வருவதற்குள் இரண்டு முறை இழுத்தடித்தார்கள், இரண்டு முறையும் அக்கா வெப்பமானியோடு அவர்கள் ஆபீஸ் வாசலில் போய் நின்றார். வந்து சேர்ந்தது. அக்காவுக்கும் வேலை போகவில்லை. இப்போது சித்தியவான் பக்கம் மீனவர் வீடுகளில் ஃபேனை நிறுத்திக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் மழையே இல்லை. வானம் அப்படிக் காய்ந்தது. சங்க நோட்டீஸ் கொடுக்க மத்தியானம் சரோக்கா வீட்டுக்குப் போனேன். தட்டினேன், பதில் இல்லை. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே குறட்டை. சாதாரணக் குறட்டை இல்லை, பழைய தோட்டத்து லாரி மேடேறுகிற குறட்டை. அதைக் கைப்பேசியில் பதிவு செய்து அக்காவுக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "மணி என்னாண்ணே?"

"ரெண்டு" என்று அனுப்பினேன்.

அதன் பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. அழுதிருப்பார் என்று நினைக்கிறேன். கேட்டால், ஈரப்பதம் அதிகமாக இருந்தது என்பார்.

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது அக்கா. ஒரு நாள் மத்தியானம் வாங்க. தே ஓ சூடாகப் போட்டு வைக்கிறேன். ஃபேனை நானே நிறுத்திவிடுகிறேன்.