போர்மேன் வீட்டுச் சிம்னி

கோவில்பட்டியில் தீயை அடக்க ஓர் ஆள் உண்டென்றால் அது மந்திரமூர்த்தி அண்ணாச்சிதான். தீப்பெட்டி ஆபீஸில் போர்மேன். மருந்து கலக்குகிற அறைக்குள் கொலுசு போட்டுக்கூட ஒருத்தி நுழைய முடியாது, உரசிப் பொறி பறந்துவிடுமாம். அப்பேர்ப்பட்ட மனுசன், சொந்த அடுப்புக்கு மேலே இருக்கிற சிம்னியை வாங்கின நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கழற்றிக் கழுவியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி பத்திரகாளி சொல்லிவிட்டாள். "சிம்னியில எண்ணெ சொட்டுது. கழுவினாத்தான் இன்னைக்கு மத்தியானத் தூக்கம்."

"இது ஒரு வேலையாட்டி?" என்று அண்ணாச்சி அடுப்படிக் கதவைச் சாத்தினார். வெளிக் கண்ணாடியை மட்டும் பேப்பரால் துடைத்தார். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கிற வலையை எவன் எட்டிப் பார்க்கப் போகிறான்?

கதவைத் திறந்ததும் பத்திரகாளி வந்து பார்த்தாள். "ஆத்தாடி! கண்ணு கூசுதே! வலையையும் கழுவிட்டீங்களா?"

"பின்னே? மூணு தண்ணி."

"சத்தியமா?"

"போர்மேன் பொய் சொல்லுவானாட்டி?"

பத்திரகாளி சட்டியை அடுப்பில் வைத்தாள். நிறைய எண்ணெய் ஊற்றினாள். கரண்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"அப்ப வடைய நீங்களே சுடுங்க. 'சுத்தம்'னு சொல்லுதவன்தான் மொதல்ல உள்ள நின்னு வேலயத் தொடங்கணும்னு உங்க ஆபீஸ்ல சட்டம் வச்சிருக்கீங்கள்ளா? அடுப்பப் பொருத்திட்டு நான் வாசல்ல போயி நிக்கேன்."

லைட்டரை எடுத்தாள்.

அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார். வலையில் பழுப்பாக ஒரு சொட்டு, இப்போ விழவா அப்போ விழவா என்று தொங்கியது. சட்டியில் தீ பிடித்தால் சிம்னிக்குள் சுற்றுகிற காற்றாடி அதை மேலே இழுக்கும். வலைப் பிசுக்கு பற்றும். புகைக் குழாய் வழியே தீ பரவி வீடே போகும். ஊரில் எவனுக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியுமே!

"ஏட்டி, பொருத்தாத!" ஒரே பாய்ச்சல். சிலிண்டரைக் கட்டிப் பிடித்து ரெகுலேட்டரை மூடினார். "கழுவல தாயி! வலையத் தொடவே இல்ல!"

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்; மூடிக்கொண்டு வாளியை அவர் முன்னால் நகர்த்தினாள். பாத்ரூம் ஹீட்டரில் பிடித்த வெந்நீரும் சோடா மாவும் வாளியில் தயாராக இருந்தன.

வலையை முக்கியதும் பிசுக்கு கழன்று வந்தது பாருங்கள், மழைக்குப் பிறகு கரிசல் காட்டில் செருப்போடு அப்பிக்கொண்டு வருமே, அந்த மாதிரி! வந்துகொண்டே இருந்தது. அண்ணாச்சி வாளிக்குள் குனிந்து பார்த்தார். "யம்மாடி! இம்புட்டும் நம்ம தலைக்கு மேலயா இருந்துச்சு!" இதற்குக் கீழே நின்று தினமும் சமைத்தவளை நினைத்ததும், அவருக்கு அவள்மேல் பக்தியே வந்துவிட்டது.

தேய்த்து, துடைத்து, வலையை மாட்டிவிட்டுக் கேட்டார். "ஏட்டி, நெசமாவே பொருத்தியிருப்பியா?"

"எங்கன பொருத்த? காலையில இட்லி வேகும்போதே கேஸ் தீந்துபோச்சு."

"வெறும் சிலிண்டரையா கட்டிப் பிடிச்சேன்? அப்பவே சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். சொன்னா வலைய யாரு கழுவுவா?"