ஆளில்லாத ஒரு படம்

மலையின் இடது ஓரத்தில் மருந்துக்கடைக்காரி நின்றிருந்தாள்.

படத்தில் தீக்குச்சி உயரம்தான். ஆனால் திரையில் மலையே எட்டடி இருந்தது. தீக்குச்சி ஒரு முழம் வந்துவிட்டது. கடுகு நிற ஸ்வெட்டர் வேறு.

"இது என்ன?" என்றார் வாத்தியார்.

"மலை சார்," என்றான் லிஃப்ட் மெக்கானிக்.

"மலைக்கு ஸ்வெட்டர் யார் போட்டது?"

விடுதிக் கூடத்தில் இருந்த ஆறு பேர் சிரித்தார்கள். ஏழாவது ஆள் மருந்துக்கடைக்காரி. அவள் சிரிக்கவில்லை. குனிந்து கேமராப் பையின் ஜிப்பைத் திறந்தாள். மூடினாள்.

இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்கக் கற்றுத்தரும் வகுப்பு அது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாத்தியார் எட்டு மாணவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போவார். மலை, ஆறு, உப்பளம், கடல், கடைசியாகப் பனி. விடிகாலையில் படம். மாலையில் ஆளுக்கொரு படத்தைத் திரையில் போட்டு அலசல். வாத்தியாருக்கு ஒரே சட்டம். படத்தில் ஆள் இருக்கக் கூடாது.

"மனுஷ மூஞ்சியை வருஷம் முழுக்கப் பாக்கறோம். போதாதா?" என்பார்.

லிஃப்ட் மெக்கானிக் வருஷம் முழுக்கப் பார்த்தது மூஞ்சிகளை அல்ல. லிஃப்ட் ஏறி இறங்கும் இருட்டுக் குழியை. இரும்பு வடம், கிரீஸ், சுவரில் மாடி எண்கள். இருபத்திரண்டு வருஷம் மேலும் கீழும் போய் வந்தவனுக்கு நாற்பத்தாறு வயதில் பக்கவாட்டில் எதையாவது பார்க்க வேண்டும் போலிருந்தது. வகுப்பில் சேர்ந்தான். முதல் நாள் வேனில், பக்கவாட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"ஜன்னலைக் கொஞ்சம் மூடட்டுமா?" என்று கேட்டாள்.

"மூடுங்க," என்றான்.

இதை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினான்.

வீட்டில் அக்கா அவனைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே மலையை எத்தனை தடவைடா பாப்பே?"

"வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாக்கறேன்க்கா."

"இடது மூலையில மட்டுந்தான் விழுதோ?"

ஆற்றுக்குப் போனபோது அவன் ஒதுங்கிப் போனான். எல்லோரும் பாலத்தடியில் நிற்க, அவன் அரை மணி நேரம் கரையோரம் நடந்து யாருமில்லாத திருப்பத்தைக் கண்டுபிடித்தான். கேமராவைப் பொருத்தினான். எடுத்தான். மாலையில் திரையில் ஆறு வளைந்தது. வளைவில் கடுகு நிறம்.

"படம் எடுக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார் வாத்தியார்.

இந்த முறை சிரிப்பு வெகுநேரம் அடங்கவில்லை. திரும்பும் வழியில் மருந்துக்கடைக்காரி முன்சீட்டுக்கு மாறிக்கொண்டாள். நாலு மணி நேரம் அவன் அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு வந்தான். ஜன்னல் திறந்தே இருந்தது. மூடட்டுமா என்று கேட்க ஆளில்லை.

உப்பளத்தில் வாத்தியாரே ஒரு வழி சொன்னார். கறுப்புக் கண்ணாடி வில்லை ஒன்றைக் கொடுத்தார்.

"லென்ஸ் முன்னாடி மாட்டுங்க. ரெண்டு நிமிஷம் ஷட்டரைத் திறந்து வைங்க. நடமாடற ஆள் எவனும் படத்துல விழமாட்டான். புகை மாதிரி போயிடுவான். வாட்சை விட்டு மட்டும் கண்ணை எடுக்காதீங்க."

அவன் வாட்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நூற்றிருபது நொடியை உதடு அசைய எண்ணினான். மாலையில் திரை முழுக்க வெண்மை. மேகமில்லாத வானம். நடுவில் மருந்துக்கடைக்காரி, முன்னைவிடத் தெளிவாக.

வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வில்லையை லென்ஸ்ல மாட்டினீங்களா, சட்டைப் பையில மாட்டினீங்களா?"

"லென்ஸ்லதான் சார். ரெண்டு நிமிஷம் வெச்சேன்."

"இது கண் சிமிட்டற நேரத்துல எடுத்த படம். யாருக்குக் காது குத்தறீங்க?"

வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஊர் திரும்பியதும் அவன் வாட்சுக்குப் புது பேட்டரி போட்டான்.

பிறகு மன்னிப்புக் கேட்கப் போனான். அவள் கடை நகரத்தின் மறுகோடியில் இருந்தது. முதல் நாள் வரிசையில் அவன் முறை வந்தது.

"என்ன வேணும்?"

"இருமல் மருந்து."

"எத்தனை நாளா இருமல்?"

"மூணு நாளா." இருமிக் காட்டினான்.

அடுத்த வாரம் கண் சொட்டு மருந்து. அதற்கடுத்த வாரம் வயிற்று வலி மாத்திரை. அக்கா மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடினாள்.

"டேய், உனக்கு என்னடா வியாதி? என்கிட்ட சொல்லு. நான் தாங்கிப்பேன்."

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கு இத்தனை மருந்தா?"

நாலாவது முறை, கடையில் வேறு யாரும் இல்லாதபோது, சொல்லிவிட்டான்.

"மேடம், ஞாயித்துக்கிழமை கடல். நான் இடது பக்கம் இருக்கற பாறையைத்தான் எடுக்கப் போறேன். உங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். அதான் முன்கூட்டியே..."

அவள் அவனைப் பார்த்தாள். "கடலைப் பாத்து நின்னா இடதா? கரையைப் பாத்து நின்னா இடதா?"

"கடலைப் பாத்து."

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சே முக்கால்."

மாத்திரை உறை ஒன்றை எடுத்து, வேளை எழுதும் இடத்தில் எழுதினாள். காலை 5.45. இடது.

"நான் பாத்துக்கறேன்," என்றாள்.

பாரம் இறங்கியது. எழுதி வைத்துக்கொள்கிறவர்கள் தவற மாட்டார்கள்.

தவறவில்லை. அஞ்சே முக்காலுக்கு இடது பக்கப் பாறையில் இருந்தாள். வில்லையை மாட்டி வாட்சையே பார்த்து எண்ணிக்கொண்டிருந்த அவன் அதை மாலையில்தான் தெரிந்துகொண்டான். வாத்தியார் ஸ்வெட்டரைப் பார்த்தார். மீதிப் படத்தைப் பார்க்கவில்லை. லேப்டாப்பை மூடினார்.

"ஆளில்லாத ஒரு படம். ஒண்ணே ஒண்ணு. வெள்ளிக்கிழமைக்குள்ள பிரிண்ட் போட்டு என் கைக்கு வரணும். இல்லேன்னா பனிக்கு உங்க சீட்ல வேற ஆள்."

வேனில் அவள் பக்கத்து சீட்டுக்கு வந்தாள்.

"நான் ரொம்பத் தொந்தரவு பண்றேனா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது. அவள் பையிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள்.

பனியைப் பார்க்காமல் செத்துப்போக அவனுக்கு ஆட்சேபம் இல்லை. அந்த சீட்டில் வேறு ஆள் உட்கார்வதுதான் தாங்கவில்லை. இரவெல்லாம் மற்ற படங்களைப் புரட்டினான். எல்லாவற்றிலும் தொடுவானம் சாய்ந்திருந்தது. அரை அங்குலம் மேடு பள்ளமில்லாமல் லிஃப்டை நிறுத்துகிறவன் எடுத்த படங்கள். அவள் இருந்தவை மட்டும் நேராக இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை கடல் படத்தை எடுத்துக்கொண்டு பிரிண்ட் கடைக்குப் போனான். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு ஆளை அழிக்கணும்," என்றான்.

"எல்லாரும் அதுக்குத்தான் வராங்க. யாரை?"

"அந்த ஸ்வெட்டர் போட்டவங்களை."

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். "நல்லாத்தானே இருக்காங்க. இருக்கட்டுமே."

"இருக்கக் கூடாது. அவங்க இதுல இருந்தா நான் அவங்க கூடப் போக முடியாது."

அவளுக்குப் புரியவில்லை. இன்னும் பெரிதாக்கினாள். முகம் வந்தது. கேமராவின் சின்னத் திரையில் அதை அவன் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. மருந்துக்கடைக்காரி கடலுக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். நெற்றியில் ஒரு முடிக்கற்றை. எதையோ கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருப்பவள் போல முகம்.

"சீக்கிரம் அழிச்சிடுங்க," என்றான்.

அவள் மவுஸை நகர்த்தினாள். நிறுத்தினாள்.

"இவங்க தனியாவா வந்தாங்க?"

"இல்ல. இன்னும் ஆறு பேர். அதே பாறைமேல முன்னாடியும் பின்னாடியுமா நடந்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. இவங்க மட்டும் எப்பவும் எனக்குக் குறுக்க வந்துடறாங்க."

"அந்த ஆறு பேர்ல ஒருத்தரைக்கூடக் காணோமே."

அவன் திரையைப் பார்த்தான். காணோம். பாறை காலியாக இருந்தது. அலைகள் பஞ்சு மாதிரி படிந்து கிடந்தன.

அவள் திரையின் ஓரத்தில் இருந்த எண்களை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"முழுசா ரெண்டு நிமிஷம் திறந்து வெச்சிருக்கீங்க. குறுக்க வந்தவங்க எல்லாம் தானாவே அழிஞ்சு போயிட்டாங்க சார். இவங்க ரெண்டு நிமிஷமும் ஆடாம அசையாம உங்களையே பாத்துக்கிட்டு நின்னிருக்காங்க."