கருவாட்டு வாடையடித்த கோழிக்கறி

என் மச்சான் ரங்கசாமி ஒரு பொய்யன். என் வீட்டுக் கோழிக்கறியைப் பாவம் பார்த்துத் தின்றதாக இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லித் திரிகிறான். நடந்ததை நானே சொல்கிறேன். நான் செய்த கூத்தையும் மறைக்கப்போவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு; அதில் வளப்பூர் நாட்டில் எனக்கு ஒரு தகரக் கொட்டகையும் நாற்பது கோழிகளும் இருந்தன. (கல்யாணத் தரகரிடம் ‘பண்ணை’ என்று சொல்லி வைத்திருந்தேன்.) அரியூர் நாட்டு மல்லிகாவை எனக்குப் பிடித்துப்போயிற்று. அவள் அண்ணன்தான் ரங்கசாமி. “பண்ணையப் பாத்துட்டு முடிவு சொல்றேனுங்க” என்றான்.

எங்கள் பக்கம் சம்பந்தம் சம்மதமானால்தான் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பார்கள். அவன் சாப்பிட்டு முடித்தால் கல்யாணம். பாதியில் எழுந்தால், நான் அந்த நாற்பது கோழிகளோடுதான் குடும்பம் நடத்த வேண்டும்.

கோழிகளோ கழிந்து கழிந்து எலும்பாகக் கிடந்தன. மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரிடம் ஓடினேன். ஒரு பாக்கெட் பொடி கொடுத்தார்.

“இதுல உசுரோட நல்ல கிருமி இருக்குதுங்க. கோழியோட கொடல்ல குடியிருந்து கெட்ட கிருமியத் தொரத்தும். தின்னது ஒடம்புல ஒட்டும். தண்ணியில கலந்து வெய்யுங்க. கருவாட்டுத் தூளும் தீவனத்துல கொஞ்சம் போடுங்க. ஆனா...”

ஆனாவுக்குப் பிறகு நான் நிற்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

கிருமியில் நல்லது வேறா? அந்த வாரம்தான் சுகாதார வேன் மைக் வைத்து, தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும் என்று கத்திவிட்டுப் போயிருந்தது. எதற்கு வம்பு என்று பொடியைத் தண்ணீரில் கரைத்து அரை மணி நேரம் கொதிக்க வைத்தேன். ஆறியதும் கோழிகளுக்கு ஊற்றினேன். தினமும் இதே வேலை. (வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் கேட்ட ஒரே அரசாங்க அறிவுரை அதுதான்.)

கோழி தேறவில்லை. ரங்கசாமி வர மூன்று வாரம்தான் இருந்தது. சந்தையில் ஒரு மூட்டை உடைசல் கருவாடு வாங்கி, இடித்து, தீவனத்தில் பாதிக்குப் பாதி கலந்தேன். கோழிகள் கொழுத்தன. அறுக்கிற நாள் காலை வரைக்கும் அதையே போட்டேன்.

விருந்தன்று அம்மா மிளகு அரைத்துக் குழம்பு வைத்தாள். மூடியைத் திறந்ததும் பக்கத்து வீட்டுப் பூனைகள் மூன்றும் வந்து உட்கார்ந்தன.

“ஏண்டா கண்ணு, நான் கோழிதான வெச்சேன்?” என்றாள் அம்மா.

ரங்கசாமி கை கழுவி உட்கார்ந்தான். முதல் துண்டை வாயில் போட்டான். கை அப்படியே நின்றது.

“ஏனுங்க மாப்ள, இந்தக் கோழி கடல்ல நீந்திட்டு இருந்துச்சுங்களா?”

கொதிக்க வைத்த பொடி, கருவாட்டு மூட்டை எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன். விருந்துக்கு வந்திருந்த கம்பவுண்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

“உசுரோட இருந்த கிருமிய வேக வெச்சுக் கொன்னுட்டீங்களே! அறுக்கறதுக்கு ரெண்டு வாரம் முன்னாலயே கருவாட்ட நிறுத்தணும், இல்லீன்னா கறியில வாடை ஏறும்னு சொல்ல வந்தனுங்க. நீங்க எங்க நின்னீங்க?”

ரங்கசாமி சிரித்துச் சிரித்துப் புரையேறினான். போச்சு, எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு இலையை முன்னால் தள்ளினான்.

“இன்னுங் கொஞ்சம் போடுங்க.”

அடுத்த மாதம் கல்யாணம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் கோழி வைத்தால், “முள்ளு பாத்துத் தின்னுங்க” என்று சொல்லித்தான் மல்லிகா பரிமாறுகிறாள். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டே தின்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் பாவம் பார்த்துத் தின்றானாம்! டேய் ரங்கசாமி, பாவம் பார்க்கிறவன் இரண்டு துண்டோடு நிறுத்துவான். நான்காவது தடவை சட்டியைச் சுரண்டி ஊற்றச் சொன்னது யார்? கிளம்பும்போது, மிச்சம் இருக்கிறதா என்று என் அம்மா காதில் கேட்டது யார்? உன் பேத்தி காதுகுத்துக்கு மைக்செட் கட்டுகிறாய் அல்லவா? அதில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் பதில் சொல்.