இரண்டாம் தேதி பென்டிரைவ்

சேசு மரி சூசை துணை

காரைக்கால்,
நவம்பர் 26, புதன்கிழமை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை டைட்டஸ் அவர்களுக்கு,

தங்கள் மூத்த மைத்துனன் அடைக்கலராஜ் எழுதுவது. இங்கே மழையைத் தவிர எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மஸ்கட்டில் தங்களுக்கும் வெயிலைத் தவிர வேறு குறை இருக்காது என்று நம்புகிறேன்.

நேற்று போனில் தாங்கள் கத்திய கத்தலில் என் பக்கத்து நியாயத்தைச் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அதனால்தான் கடிதமாக எழுதி, போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கடிதத்துக்குள் யாரும் குறுக்கே பேச முடியாது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஜெனிஷா கல்யாணம் சனிக்கிழமை நடக்கும். தாங்கள் வெள்ளிக்கிழமை டிக்கெட்டை மாற்ற வேண்டாம். முன்னதாகக் கிளம்புகிறேன் என்று முதலாளியிடம் போய்க் கெஞ்சவும் வேண்டாம். தாய்மாமன் நான் இங்கே குத்துக்கல் மாதிரி இருக்கிறேன்.

என் தங்கச்சி தங்களிடம் "ஓலையெல்லாம் அழிஞ்சு போச்சு, அண்ணன் கெடுத்துப்புட்டாரு" என்று அழுதிருக்கிறாள். எதுவும் அழியவில்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பத்தோரு வருஷம் ஒரு குப்பியைக்கூட உடைக்காமல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த நம்பிக்கையில்தான் கோவில் ஆபீஸ் கம்ப்யூட்டரைச் சாமியார் என்னிடம் ஒப்படைத்தார். ஞானஸ்நானம், மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பாக வாசிக்கிற கல்யாண ஓலை, மரித்தோர் பூசை எல்லாப் பதிவும் அதில்தான். பட்டினச்சேரியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சிவபாலன் அதற்கு ஓர் ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார். மாதம் ஒன்றாம் தேதி முழுப் பதிவேட்டுக்கும் ஒரு நகல். அதற்கப்புறம் அன்றன்றைக்கு என்ன எழுதினோம், என்ன திருத்தினோம் என்பதைக் கம்ப்யூட்டரே ஒரு ஃபைலாகப் போட்டு, நம்பர் கொடுத்துவிடும். சாயங்காலம் அதை நான் பென்டிரைவில் எடுத்து வைக்க வேண்டும். பெட்டி செத்தே போனாலும் ஒன்றாம் தேதி நகலைப் போட்டு, அதன் மேல் ஒவ்வொரு நாள் ஃபைலாக வரிசையாக ஓட்டினால் எல்லாம் பழையபடி வந்துவிடும். ஒரு நாள்கூட நான் எடுக்கத் தவறியதில்லை. இந்த வரிக்குத் தாங்கள் அடிக்கோடு போட்டுக்கொள்ளவும்.

திங்கட்கிழமை இடி இடித்ததே, அதில் பெட்டி செத்துப்போனது. சிவபாலன் வேறு பெட்டியோடு மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்தார். ஒன்றாம் தேதி நகல் ஏறியது. அதோடு நின்றது. "சார், ரெண்டாந்தேதி ஃபைல் எங்க?" என்றார். "அது வேற எடத்துல இருக்கு, நீங்க மூணாந்தேதியிலேருந்து ஓட்டுங்க" என்றேன். "ஓடாது சார். ரெண்ட காட்டாம மூண வாங்காது. படியில ஒண்ணு ஒடஞ்சிருந்தா நாம தாண்டிப் போவலாம். இது தாண்டாது. அங்கனயே நின்னுடும்" என்றார். இருபத்தொரு நாளாகப் பத்திரமாக எடுத்து வைத்த ஃபைல் எல்லாம் கையில் இருக்கிறது, ஒன்றையும் உள்ளே சேர்க்க மாட்டேன் என்கிறது பெட்டி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இரண்டாம் தேதி ஏன் தனியாகப் போனது என்று கேட்பீர்கள். அன்று கல்லறைத் திருநாள். ஞாயிற்றுக்கிழமை வேறு. இந்த மாதப் பூசைகளில் வேண்டிக்கொள்ள நானூற்றுப் பன்னிரண்டு மரித்த ஆத்துமாக்களின் பெயரை ஒற்றை விரலால் அடித்து முடித்தேன். ஜெனிஷாவின் முதல் ஓலை வாசித்ததும் அன்றைக்குத்தான். சாயங்காலம் நான் ஃபைலை எடுக்கும்போது என் வீட்டுக்காரி இருதயமேரி பார்த்துவிட்டாள். "ஏங்க, செத்தவங்க பேரு போட்ட ஃபைலையும் கல்யாணப் புள்ளயோட பாக்கி ரெண்டு ஓலை வரப்போற ஃபைலையும் ஒண்ணாவா வப்பீங்க? வெளங்குமா?" என்றாள். இந்த மாதிரி சகுனம் எல்லாம் நான் பார்ப்பவன் இல்லை என்பது தங்களுக்கே தெரியும். ஆனாலும் தங்கச்சி மகள் விஷயம், எதற்கு வம்பு என்று அந்த ஒரு நாளை மட்டும் ஒரு கறுப்பு பென்டிரைவில் போட்டேன். அதை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று இவள் எடுத்துப் போய், கல்லறையில் பொறுக்கிய மெழுகுத்துண்டு டின்னில் போட்டு, கோவில் ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டாள். இவ்வளவுதான் நடந்தது. இதில் என் தப்பு எங்கே இருக்கிறது?

"ஜனங்க அத்தன பேரும் ஓலைய கேட்டாங்களே, அது போதாதா" என்கிறாள் தங்கச்சி. யார் கேட்டார்கள்? அவளும் இருதயமேரியும் கல்லறையைச் சுத்தம் செய்ய முன்னாலேயே போய்விட்டார்கள். கோவில் நிறையக் கூட்டம், அத்தனை பேருக்கும் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிற அவசரம். நான் போனைத் தூக்கிப் பிடித்ததால் மஸ்கட்டிலிருந்து தாங்கள் கேட்டீர்கள். வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த மலர்க்கொடி கேட்டுவிட்டு, "சார், கல்யாண மாலைக்கு என்கிட்டதான் சொல்லணும்" என்றது. மற்றவர்களை விசாரித்துப் பார்த்துவிட்டேன், அன்று பிரசங்கம் இருந்ததா என்பதே பலருக்கு நினைவில்லை. நம் சாமியாரோ புதியவர். காகிதத்தில் இல்லாத எதையும், தன் வாயால் வாசித்ததையே ஆனாலும், நம்ப மாட்டார். மூன்று ஓலைக்கும் சான்றிதழ் போகாமல் மாப்பிள்ளை வீட்டுப் பங்குக் கோவிலில் தாலி கட்ட விடமாட்டார்கள். வருகிற ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்கிவிடும், அப்புறம் கிறிஸ்துமஸ் முடிகிறவரை கல்யாணம் கிடையாது. கல்யாண மாப்பிள்ளை ஜாக்சன் தம்பியோ டிசம்பர் பத்தாம் தேதி கப்பலேறினால் ஒன்பது மாதம் கழித்துத்தான் கரை இறங்குவார். ஜெனிஷா இரண்டு நாள் சாப்பிடவே இல்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லாமல் போனது, மாப்பிள்ளை. அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமும் இல்லை.

ஆனால் நான் விடுவேனா. நேற்று நானும் இருதயமேரியும் ஸ்டோர் ரூம் தரையில் உட்கார்ந்து எட்டு டின் மெழுகையும் ஒவ்வொன்றாகக் கொட்டி அலசத் தொடங்கினோம். ஆறாவது டின்னில் கிடைத்தது. மெழுகு அப்பிக் கிடந்ததைச் சேஃப்டி பின்னை வைத்துச் சுரண்டி, சட்டையில் துடைத்து, சிவபாலனிடம் கொடுத்தேன். இரண்டு ஏறியது. அப்புறம் மூன்று, நான்கு என்று மடமடவென்று இருபத்து மூன்று வரை ஓடி முடிந்தது. இருதயமேரி அங்கேயே ஒரு ஜெபமாலை சொன்னாள்.

இனி இப்படி நடக்காது. எந்த நாளுக்கும் தனி டிரைவ் கிடையாது, அது கல்யாண நாளோ கல்லறை நாளோ. தினமும் சாயங்கால மணி அடித்ததும் நம்பர் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். இன்னொரு நகல் சிவபாலன் வீட்டு மாடியில் இருக்கும். எடுத்து வைத்தால் மட்டும் போதாது, திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதனால் சனிக்கிழமைதோறும் ஆபீஸ் பழைய லேப்டாப்பில் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறேன். இந்தப் பதிவேட்டை இனி யமனே வந்தாலும் அசைக்க முடியாது.

ஆகவே நிம்மதியாக வெள்ளிக்கிழமை வந்து இறங்கவும். மாதா தங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாள். இருதயமேரி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
கல்யாணப் பொறுப்பை முழுதாக ஏற்றுக்கொண்ட
அடைக்கலராஜ்

பி.கு.: போட்டோ எடுக்கும் முன் சான்றிதழையும் வாங்கி, அதையும் சேர்த்தே அனுப்பலாம் என்று ஆபீசுக்குப் போனேன். இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை சரியாக இருக்கிறது. முதல் ஓலை: பதிவு இல்லை. தேடினோம். மரித்தோர் பட்டியலில் முந்நூற்று எண்பத்தேழாவது ஆத்துமா ஜெனிஷா, அடுத்தது ஜாக்சன். ஓலைச்சீட்டைச் சாமியார் என் மேஜையில் வைத்தபோது நான் திரையை மாற்றாமல் அடித்துவிட்டேன் போலிருக்கிறது. சிவபாலன், "சார், ரிக்கவரி நூத்துக்கு நூறு. நீங்க அடிச்சத அப்படியே திருப்பிக் குடுத்திருக்கு" என்கிறார். இருவரின் ஆத்தும இளைப்பாற்றிக்காகவும் இந்த மாதம் முழுக்கத் தினமும் பூசை நடந்திருக்கிறது. ஓலையைக் காதால் கேட்ட இரண்டு பேர் நேரில் வந்து, நாளை சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டால் திருத்தித் தருவதாகச் சாமியார் சொல்கிறார். அடித்தவன் சாட்சி செல்லாதாம். மலர்க்கொடி பூக்கூடையோடு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டது. இன்னும் ஒரு ஆள்தான் பாக்கி, போனில் கேட்டவர். தயவுசெய்து முதலாளி காலில் விழுந்தாவது இன்றைக்கே கிளம்பி வாங்க, மாப்பிள்ளை.